மலையகக் குளிருக்கு ஹைபிரிட் சைக்கிள் டயர்: பிடிப்பைப் பார்ப்பதா, பஞ்சரைப் பார்ப்பதா?

குளிர்காலச் சைக்கிள் டயர் பற்றித் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் பின்லாந்துக்கும் கனடாவுக்கும் உரிய ஆலோசனைகள். அங்கே வீதியில் பனிக்கட்டி இறுகிக் கிடக்கும். டங்ஸ்டன் கார்பைட் ஆணி பதித்த டயர் அதைக் கொத்திப் பிடித்துக்கொண்டு ஓடும். இலங்கை மலையகத்தின் நுவரெலியாவிலும் தை, மாசி விடியற்காலைகளில் உறைபனி விழுகிறது. ஆனால் அது புல்லை வெளுக்க வைக்கும், தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கும். வீதியில் கட்டியாகக் கிடப்பதில்லை. வெறும் தாரில் ஆணி டயர் சத்தம் போடும், ஆணி தேயும். அதை இத்தோடு விட்டுவிடலாம்.

நமக்குத் தொல்லை தண்ணீர்தான். ஒக்டோபரில் பிடிக்கிற மழை டிசம்பர் வரை விடாது. தோட்டப் பாதைகள் பிரதான வீதியில் வந்து சேரும் முடக்குகளில் சேறு வழிந்து நிற்கும், யூகலிப்டஸ் இலை ஊறிக் கிடக்கும், பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று சலித்துச் சைக்கிளுக்கு மாறியவர்களில் நானும் ஒருவன். என்னுடையது ஹைபிரிட், அதாவது வீதிச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான வகை. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு, 1868 மீட்டர் உயரத்துக்கு, காலையில் ஏறுகிறேன். மாலையில் நனைந்த வீதியில் இறங்குகிறேன். பழைய டயர் தேய்ந்தபோது என் முன்னால் மூன்று தெரிவுகள் இருந்தன: கட்டை கட்டையாக எழும்பிய முரட்டு டயர், மெல்லிய இலகு டயர், உள்ளே தடித்த காப்புப் பட்டை வைத்த டயர். நான் எடுத்தது மூன்றாவது.

முரட்டு டயரைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். கார் டயரில் வெட்டு ஆழமாக இருந்தால் மழைக்கு நல்லது என்ற பழக்கத்தில் வருகிற எண்ணம் அது. காரின் அகன்ற டயர் வேகத்தில் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிவிடும், ஆகவே அதற்கு வெட்டு வேண்டும். சைக்கிள் டயரோ ஒடுக்கமானது, முகம் வளைந்தது, உள்ளே அழுத்தமும் அதிகம். நாம் ஓட்டும் வேகத்தில் அது தண்ணீரை விலக்கித் தாரைத் தொட்டுவிடும். தாரில் பிடிப்பைத் தருவது தொடுகிற ரப்பரின் பரப்பும் மென்மையும்தான். கட்டைகளுக்கு இடையே இருக்கிற வெற்றிடம் எதையும் பிடிக்காது; முடக்கில் சாயும்போது கட்டைகள் நெளிவதையும் உணரலாம். வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டு செப்பனிடாத தோட்டப் பாதை என்றால் கதை வேறு. அங்கே சேற்றைக் கடிக்கக் கட்டை வேண்டும். அவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இலகு டயர் ஏற்றத்தில் சுகம். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பஞ்சர் என்று வந்தால் இரண்டும் பின்னுக்குப் போய்விடுகின்றன. மழைக்காலத்தில் பஞ்சர் கூடுவது தற்செயல் அல்ல. வீதியிலுள்ள கண்ணாடித் துண்டையும் கூர்ங்கல்லையும் தண்ணீர் அள்ளி ஓரத்தில் சேர்க்கிறது. முடக்கில் பஸ் வந்தால் நாமும் அதே ஓரத்துக்குத்தான் ஒதுங்குகிறோம். ஈர ரப்பரில் கண்ணாடி வழுக்கிக்கொண்டு இலகுவாக இறங்கும். வெடித்த லொறி டயரிலிருந்து உதிர்ந்த கம்பித் துணுக்கு கண்ணுக்கே படாது. இவ்வளவும் எல்லா ஊருக்கும் பொதுவானவை. நம் ஊருக்கே உரியது அடுத்த கட்டம்: விறைத்த விரலால் டயரைக் கழற்ற வேண்டும், மழையில் ஒட்டுப் பசை பிடிக்காது, டியூப் காய்ந்திருந்தால்தான் ஒட்டு நிற்கும். மாற்று டியூப் பையில் இல்லையென்றால் உருட்டிக்கொண்டு நடப்பதுதான் வழி, அதுவும் மூடுபனியில், பின்னால் வருகிற லொறிக்காரருக்கு நாம் தெரிகிறோமா என்று தெரியாமல்.

காப்புப் பட்டை டயரிலும் தரம் உண்டு. ஷ்வால்பே நிறுவனத்தின் மரதன் டயரில் ரப்பர்ப் பட்டை 3 மில்லிமீட்டர், மரதன் பிளஸ்ஸில் 5. பிளஸ் பஞ்சருக்குப் பேர்போன எதிரி, ஆனால் ஒரு டயர் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. சக்கர விளிம்பில் (ரிம்) ஏற்றுவதற்குள் கட்டைவிரல் நோகும். பஞ்சர் அரிதாக வரும், வந்தால் அழ வைக்கும். அதனால் நான் 3 மில்லிமீட்டர்க்காரனோடு நின்றுவிட்டேன். நீண்ட ஆணி இதையும் துளைக்கும். கண்ணாடியும் கம்பித் துணுக்கும் பெரும்பாலும் பட்டையோடு நின்றுவிடுகின்றன. இறக்கத்தில் மிக மென்மையான ரப்பர் டயர் இதைவிட நன்றாகப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் அப்படியொன்றை இந்த வீதியில் ஒரு முழு மழைக்காலம் ஓட்டிப் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டிலும் ரயில் தண்டவாளத்திலும் எந்த டயரும் வழுக்கும். தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும்.

அகலம் 35 அல்லது 37 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் பல ஹைபிரிட்களில் மட்கார்ட் இடிக்கும்; மட்கார்ட் இல்லாமல் இங்கே மழையில் வேலைக்குப் போக முடியாது.

வாங்கும்போது கடையில் "28" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ டயருக்கு விளிம்பு விட்டம் 635 மில்லிமீட்டர். ஹைபிரிட்டின் 700சி சக்கரத்துக்கு 622. இரண்டையும் 28 என்றே சொல்வார்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாது. டயரின் பக்கத்தில் 37-622 போல் அச்சிட்டிருப்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், குறிப்பாகக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி வாங்குவதானால். முடிந்தால் மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற வால்வு வைத்த டியூப் எடுங்கள். அவசரத்துக்கு எரிபொருள் நிலையத்திலும் காற்றடித்துக்கொள்ளலாம். விளிம்பின் துளை ஒடுக்கமாக இருந்தால் அந்த வால்வு நுழையாது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூப் இல்லாத டயரில் பசைத் திரவம் ஊற்றி ஓட்டுகிறவர்கள் நன்றாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் கை பழகவில்லை.

இரண்டு டயருக்கும் பணம் போதாதென்றால் காப்புப் பட்டை டயரைப் பின்னால் போடுங்கள். உடல் பாரத்தில் பெரும்பகுதி அதன்மேல்தான், தேய்வும் பஞ்சரும் அங்கேதான் அதிகம். சங்கிலியோடு மல்லுக்கட்டிக் கழற்ற வேண்டிய சக்கரமும் அதுதான். முன்னால் ரப்பர் மென்மையான, கட்டை இல்லாத சாதாரண டயர் இருக்கட்டும். மழை நாளில் இரண்டிலும் காற்றைச் சற்றுக் குறையுங்கள், ஆனால் டயரில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக வேண்டாம். குழியில் விழுந்தால் விளிம்பு டியூபை இரண்டு இடத்தில் கடித்துவிடும்.