பெல்லட் தின்னும் என்று சொல்லி விற்கப்பட்ட மாண்டரின் ஜோடி

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மாண்டரின் மீன் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், எனக்கு நேர்ந்ததைப் படித்த பிறகு கடைக்குச் செல்லுங்கள். அதன் நிறத்தில் மயங்கி விசாரிக்காமல் வாங்கியது என் தவறுதான். ஆனால் விற்றவர் அறியாமல் பேசியவர் அல்லர்.

என் தொட்டி 110 லிட்டர் கொள்ளளவு உடையது. உயிர்ப்பாறை (சிறு கடலுயிர்கள் குடியேறிய பாறைத் துண்டுகள்) அடுக்கி ஏழு வாரங்களே ஆகியிருந்தன. இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் இருந்தன. இவை அனைத்தையும் நான் வாங்குவதற்கு முன்பே சொன்னேன். "தாராளமாக விடலாம், இவை பெல்லட் (உலர்ந்த குருணைத் தீவனம்) பழகியவை" என்று கூறிய கடைக்காரர், என் கண்முன்னே தம் தொட்டியில் ஒரு சிட்டிகை பெல்லட்டைத் தூவினார். மற்ற மீன்கள் பாய்ந்து வந்து விழுங்க, மாண்டரின் அடியில் மெல்ல நகர்ந்து மணலைக் கொத்தியது. "பார்த்தீர்களா, தின்கிறது" என்றார். நானும் நம்பினேன்.

வீட்டிற்கு வந்த பிறகுதான் அந்தக் கொத்தலின் பொருள் புரிந்தது. மாண்டரின் பகல் முழுவதும் பாறையையும் மணலையும் ஒவ்வொரு அங்குலமாகக் கொத்தி, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அளவிலான கோபிபாட் போன்ற சிறு உயிர்களைத் தேடித் தின்னும் மீன். தொட்டியில் இரையே இல்லாவிட்டாலும் கொத்திக்கொண்டேதான் இருக்கும். பெல்லட் அதன் வாயருகே விழுந்தபோதும் அது ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிட்டது. கோபிபாடுகள் பெருகி நிலைபெறப் பல மாதங்கள் ஆகும் என்பதால், ஓராண்டாவது பழகிய பெரிய தொட்டியில்தான் இம்மீனை விடுவது வழக்கம். ஏழு வாரத் தொட்டியில் இருந்த சொற்ப உயிர்களை இவை இரண்டும் சில நாட்களிலேயே தீர்த்துவிட்டன.

ஆணும் பெண்ணும் என்று சொல்லி விற்றதும் பொய். ஆண் மாண்டரினுக்கு முதல் முதுகுத் துடுப்பின் முன்முள் கொடிக்கம்பம் போல நீண்டிருக்கும்; பெண்ணுக்கு அது குட்டை. கடையில் இரண்டும் துடுப்பை மடக்கியே வைத்திருந்தன. இரண்டாம் நாள் அவை எதிரெதிரே நின்று துடுப்பை விரித்தபோது இரண்டிலும் நீண்ட முள் தெரிந்தது. சிறிய தொட்டியில் இரண்டு ஆண்கள் ஒத்துப்போவதில்லை; பட்டினியோடு சண்டையும் சேர்ந்துகொண்டது.

வயிறு ஒட்டுவதைக் கண்டு கடைக்காரரிடம் முறையிட்டபோது, பாறையில் உள்ள புழுக்களே காரணம் என்று சொல்லி, அவற்றைத் தின்பதற்காக ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீனை என் தலையில் கட்டினார். இதை மட்டும் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ராஸ் தின்பதும் அதே கோபிபாடுகளைத்தான்; அதிலும் மாண்டரினைவிடப் பலமடங்கு விரைவாக. போதாதற்கு, தன் இடத்தில் வேறு மீனைப் பொறுக்காத முரட்டுக் குணமும் அதற்கு உண்டு. ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலின் முட்டைகளைப் பொரிக்கவைத்து உயிருடன் ஊற்றிப் பார்த்தேன். மாண்டரின் ஒன்றிரண்டைக் கொத்துவதற்குள் ராஸும் கோமாளிகளும் மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டன.

பத்தொன்பதாம் நாள் சிறிய மாண்டரின் இறந்தது. உடல் சுருங்கித் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கடைக்காரர் தண்ணீரைக் குறை சொன்னார். மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், உப்படர்த்தி கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்ற 1.025 என்று அளந்து காட்டியதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். பணமும் திரும்பவில்லை.

பெல்லட் போன்ற தயார் உணவு பழகிய மாண்டரின்களும் உண்டு, குறிப்பாகப் பண்ணையில் வளர்க்கப்பட்டவை. ஆனால் அதைச் சோதிக்க, மணலும் பாறையும் இல்லாத தனிப் பெட்டியில் அந்த ஒரு மீனை மட்டும் விட்டு உணவு போடச் சொல்லுங்கள்; உணவு வாய்க்குள் போய் வெளியே துப்பப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து நோக்கும்போது வயிறு இருபுறமும் உருண்டு இருக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டிப் பள்ளம் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மற்றொரு மாண்டரினை, மூன்றாண்டுகளாகப் பெரிய பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒப்படைத்தேன். இப்போது அதன் வயிறு உருண்டுவிட்டது. பெல்லட்டை மட்டும் இன்றுவரை அது தொடவில்லை.