மன அழுத்த மாத்திரை: காலையிலா, ராத்திரியிலா?

மன அழுத்த மாத்திரை ஆரம்பித்ததும் பலரும் முதலில் சொல்கிற குறை தூக்கத்தைப் பற்றித்தான். ஒருவருக்கு ராத்திரி கண் மூடாது. இன்னொருவர் காரைக்குடி மத்தியான வெயிலில் கடையில் உட்கார்ந்தபடியே சொக்கி விழுவார். இதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் சொல்லி, போடுகிற நேரத்தை மாற்றிப் பார்த்தாலே பல பேருக்குச் சரியாகிவிடும்.

எஸிடாலோபிராம், செர்ட்ராலின் என்ற மன அழுத்த மாத்திரைகள் இரண்டும் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும், எந்த வேளையானாலும் பலன் ஒன்றுதான். பக்க விளைவுதான் வேளையைப் பொறுத்தது. போட்ட நாலைந்து மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மருந்து உச்சத்துக்குப் போகும். காலை 8 மணிக்குப் போட்டு மத்தியானம் தள்ளாடுகிறவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்க்கலாம். தூக்கம் கெடுகிறவர் காலை இட்லிக்குப் பிறகு போடலாம். வெறும் வயிற்றில் குமட்டும். விரத நாளில் பாலும் பழமுமாவது உள்ளே போகட்டும். ஃப்ளூயாக்செடின் சுறுசுறுப்பு தருகிற மருந்து, அதற்குக் காலைதான்.

மிர்டாஸபின் ராத்திரி மருந்து. மறுநாள் காலை மந்தமாக இருக்கிறதே என்று 15 மி.கி. மாத்திரையைத் தாமாகவே பாதியாக உடைக்கிறார்கள். மந்தம் அப்படியே இருக்கும். தூக்கம் வரவைக்கிற வேலையை அது சின்ன அளவிலேயே செய்துவிடுகிறது. படுக்கும்போது போடுவதை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போடுவதுதான் உதவும்.

தலைவலிக்கும் நரம்பு வலிக்கும்கூடத் தருகிற அமிட்ரிப்டிலினும் அப்படித்தான்; 10 மணிக்குப் பதில் 8 மணி. ஆனால் இதில் எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஆச்சிமார் ராத்திரி ஒன்றுக்குப் போக, உயரமான நிலைப்படி தாண்டி, முற்றத்துப் படி இறங்கி, பின்கட்டு வரை நடக்க வேண்டும். படுக்கையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்து எழட்டும். வழியில் ஒரு விளக்கு எரியட்டும். முதல் சில வாரம் அறைக்குப் பக்கத்திலேயே ஏற்பாடு செய்துவிடுவது இன்னும் நல்லது.

மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: மாத்திரை போட்ட நேரம், படுத்தது, எழுந்தது, எந்த மணிக்குக் கண் சொக்கியது. டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. காலை 8-லிருந்து ராத்திரி 8-க்குப் போக, தினம் மூன்று மணி நேரம் தள்ளினால் நாலு நாள் போதும். ஒரே நாளில் இரண்டு வேளை போடக் கூடாது. வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் போடுகிறவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். இடைவெளி நீண்டால் தலைசுற்றலும், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வும் வரும்.

தூக்கக் கலக்கத்துக்கு மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சளிக்குப் போடும் செட்ரிஸின் அதை இரட்டிப்பாக்கும். சாயங்காலம் 5 மணிக் காபி ராத்திரித் தூக்கத்தைத் தின்னும். மன அழுத்த மாத்திரையோடு பி.பி.க்கு நீர் மாத்திரையும் போடுகிற பெரியவர் திடீரென்று மந்தமாகி, பேச்சுக் குழம்பினால் ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) இறங்கியிருக்கலாம். நேரத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகமும் ஓயாத பேச்சும் வந்தாலும் அன்றே டாக்டர். முதல் வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416; எந்த நேரமும் எடுப்பார்கள்.

தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியலுக்கு வெகு முன்பே நடக்க ஆரம்பிப்பார்கள். மிர்டாஸபினோ அமிட்ரிப்டிலினோ ராத்திரி 10 மணிக்குப் போட்டுவிட்டு 2 மணிக்கு வண்டி ஓடும் ரோட்டில் இறங்குவது ஆபத்து. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, நேரத்தைச் சாயங்காலத்துக்கு நகர்த்தி, வீட்டில் இருக்கும்போதே உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள்.