ஓப்பன்டோஃபு: ஸ்டேட் கோப்பை மறையாக்கிய பிறகு

எங்கள் குழுவின் சர்வர்கள், தரவுத்தளங்கள், வலையமைப்பு விதிகள் எல்லாவற்றையும் ஓப்பன்டோஃபு மூலம்தான் நிர்வகிக்கிறோம்; வேண்டியவற்றைக் கோப்புகளில் எழுதினால் அவற்றை உருவாக்கித் தரும் கருவி அது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் இதே வேலையைச் செய்யும் டெராஃபார்ம் கருவியின் உரிமத்தை எம்பிஎல் 2.0 என்ற திறமூல உரிமத்திலிருந்து, பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. அதை ஏற்காதவர்கள் பழைய திறமூல நிரலைப் பிரித்தெடுத்து வளர்த்த கருவிதான் ஓப்பன்டோஃபு. அடுத்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் 1.6 பதிப்பு வெளியான பின் நாங்கள் மாறினோம். இருந்த கோப்புகளைத் தொடவேயில்லை. டெராஃபார்ம் என்று தட்டச்சு செய்த இடத்தில் டோஃபு என்று செய்தோம். என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே சொல்லும் பிளானில் ஒரு மாற்றமும் காட்டவில்லை.

உரிமத்துக்காக வந்த என்னை இங்கேயே நிறுத்தியது 1.7-இல் வந்த ஸ்டேட் மறையாக்கம். இத்தகைய கருவி தான் உருவாக்கிய ஒவ்வொன்றையும் ஸ்டேட் எனப்படும் ஒரு ஜேசன் வடிவ உரைக் கோப்பில் குறித்துவைக்கிறது. தரவுத்தளக் கடவுச்சொல்லை அதன் வழியாக அமைத்தால், பெரும்பாலும் அதுவும் அங்கே அப்படியே பதிவாகிவிடும். சென்சிட்டிவ் என்று குறியிட்டால் திரையில் மட்டுமே மறையும். கோப்பைத் திறப்பவர் படித்துவிடலாம். பல ஆண்டுகளாகப் பயனர்கள் கேட்டுவந்த பாதுகாப்பு இது என்பதால், கிடைத்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

இப்போது எங்கள் ஸ்டேட் கோப்பும் பிளான் கோப்பும் டிஸ்க்கில் எழுதப்படும் முன்பே ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் மறையாக்கப்படுகின்றன. சாவியாக நீண்ட கடவுத்தொடர் ஒன்றைத் தரலாம். நாங்கள் அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ்ஸைப் பயன்படுத்துகிறோம். மறையாக்கப்படாத பழைய கோப்பைப் படிக்க முதலில் அமைப்பில் ஃபால்பேக் (மாற்றுவழி) பகுதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒருமுறை அப்ளை செய்து (அதாவது பிளானை நிறைவேற்றி), கோப்பு மறையாக்கத்துடன் எழுதப்பட்டதை உறுதிசெய்தபின் அதை நீக்கிவிடலாம். சாவி தொலைந்தால் கோப்பை மீட்க வழியே இல்லை. எனவே சாவியை நீக்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதை முடிவுசெய்யாமல் இந்த வசதியை இயக்காதீர்கள்.

1.9-இல் வந்த எக்ஸ்க்ளூட் தெரிவும் மிகப் பயனுள்ளது: சிக்கலான ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அப்ளை செய்யலாம். 1.10 முதல், அமேசானின் கோப்புச் சேமிப்பகமான எஸ்3-இல், இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி ஸ்டேட்டைப் பூட்ட, டைனமோடிபி என்ற தனித் தரவுத்தளத்தின் அட்டவணை கட்டாயமில்லை. எங்களுக்கு ஒரு வேலை குறைந்தது.

குறைகளும் உண்டு. அமேசான் சேவைகளுடன் பேசும் இணைப்பு நிரலான அமேசான் புரொவைடர் பல நூறு மெகாபைட் இடத்தை விழுங்குகிறது. தானியங்கி ஓட்டம் நடுவில் செத்தால் பூட்டு அப்படியே நின்றுவிடும்; வேறு யாரும் ஓட்டவில்லை என்று விசாரித்துக்கொண்டு கையால் விடுவிக்க வேண்டும். என்னை அதிகம் சோதிப்பது அப்ளை பாதியில் தோற்பதுதான். பிளான் பிழையின்றி வந்திருந்தும், அனுமதியோ ஒதுக்கீட்டு வரம்போ தடுத்தால் உருவானவை உருவானபடி நிற்கும்; கருவி எதையும் பின்வாங்காது. அதனால் வலையமைப்பு, தரவுத்தளம், செயலி ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டேட் வைத்திருக்கிறோம். ஒன்று பாதியில் நின்றாலும் மற்ற இரண்டின் பணி தடைபடுவதில்லை.