பனி உருகும் காலமும் சம்ப் பம்பும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் பேஸ்மென்ட்டில் சம்ப் பம்ப், அதாவது தரைக்குழியில் சேரும் நீரை வெளியே தள்ளும் பம்ப், பொருத்தி ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. மோட்டார் இதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயினும், சுவரோரம் வந்து சேர்ந்துவிட்ட நீரை வெளியேற்றுவது மட்டுமே அதன் வேலை என்பதையும், அந்த நீரை அங்கே வரவிடாமல் தடுப்பதற்கு மிகக் குறைந்த செலவே ஆகிறது என்பதையும் ஒவ்வொரு மார்ச் மாதமும் உறுதிப்படுத்துகிறது.

பனி உருகும்போது புல்தரையின் அடிமண் இன்னும் உறைந்தே இருப்பதால் நீர் அதனுள் இறங்குவதில்லை. வீட்டின் வெப்பம் படும் அத்திவாரத்தை ஒட்டிய மண்ணோ முதலில் இளகிவிடுகிறது. கட்டும்போது தோண்டி மீண்டும் நிரப்பப்பட்ட மண் என்பதால் அது இறுக்கமும் குறைந்தது. ஆகவே உருகிய நீர் அந்த வழியாகவே கீழே இறங்குகிறது. வாரக்கணக்கில் கிடந்து இறுகிய பனி 30 செ.மீ. உயரம் இருந்தால், அது ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 90 லீற்றர் நீராகும். வாகனப் பாதையில் வழித்த பனியைச் சுவரோரம் குவிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் அத்திவாரத்தைச் சுற்றிப் புதைக்கப்பட்ட களிமண் வடிகுழாய்கள் நேரே வீதியின் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்த இணைப்பைத் துண்டித்து அடைத்து, வடிநீரைத் தரையில் தோண்டிய குழிக்குத் திருப்பி, மூன்றில் ஒரு குதிரைவலுப் பம்பை வைத்தார்கள். ரொறன்ரோ மாநகரசபை இத்தகைய வேலைகளுக்கு மானியம் வழங்குகிறது. பல ஆண்டுகள் அதன் உச்சவரம்பு வீடொன்றுக்கு 3,400 டொலராக இருந்தது. கூரைப் பீலியின் இறங்குகுழாய்கள் கழிவுநீர்த் தொகுதியிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பது அதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. தற்போதைய தொகையையும் விதிகளையும் வேலையைத் தொடங்குமுன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

பயன்பாட்டில் அதிகத் தொல்லை தந்தது பம்ப் அன்று, அதன் வெளியேற்றுக் குழாய். பகலில் பூச்சியத்துக்கு மேலும் இரவில் அதற்குக் கீழும் வெப்பநிலை போய்வரும் நாட்களில், பொருத்தியவர் புல்தரை மீது நீட்டிவிட்டுச் சென்ற நெளிகுழாயில் நீர் தேங்கி உறைந்தது. வழியடைத்த குழாயில் பம்ப் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சுவரிலிருந்து இரண்டு மீற்றர் வரை நல்ல சரிவுடன் கடினக் குழாய் செல்கிறது. சுவரை விட்டு வெளியேறும் இடத்தில், முன்னே அடைத்தாலும் நீர் பக்கவாட்டில் கொட்டும்படி துளைகள் கொண்ட ஓர் இணைப்பும் இருக்கிறது. சிறு விலைதான், ஆனால் இந்தத் தொகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுவே. குழாயின் வாய் நடைபாதையை நோக்கி இருக்கக்கூடாது. மறுநாள் காலை அங்கே பனிக்கட்டிதான் இருக்கும், வழுக்கி விழுவது தபால்காரராக இருக்கலாம்.

மின்தடைக்காக 12 வோல்ட் பற்றரியில் இயங்கும் இரண்டாவது பம்ப் உள்ளது. ஈய அமிலப் பற்றரிக்கு வடித்த நீர் ஊற்றிக் கவனிக்க வேண்டும். அப்படியும் சில ஆண்டுகளில் அதை மாற்றத்தான் வேண்டும். ஆகவே விலையைக் கணக்கிடும்போது பற்றரியைத் தொடர்செலவாகவே சேர்க்க வேண்டும். பெப்ரவரி முடிவில் குழிக்குள் வாளி நீரை ஊற்றி, நீரோடு மிதவை உயர்ந்து, பம்பை ஓடவைக்கும் ஆளி இயங்குகிறதா என்று பார்ப்பேன். பிறகு பிரதான பம்பின் மின்செருகியைக் கழற்றிவிட்டு இரண்டாவதையும் அப்படியே சோதிப்பேன்.

நம்மவர்களிடையே பலர், கழிவுநீர் திரும்பி வருவதைத் தடுக்கும் வால்வு இருந்தால் பம்ப் தேவையில்லை என்று நம்புகிறார்கள். அந்த வால்வு வீதிக் குழாய் நிரம்பி எதிர்த்து வரும்போது மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரிலும் தரையிலும் கசியும் உருகுநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது மூடியிருக்கும் வேளையில் மேல்தளத்தில் குளித்தாலோ துணி துவைத்தாலோ அந்த நீர் வெளியேற வழியின்றிப் பேஸ்மென்ட்டிலேயே பொங்கும். கீழே வாடகைக்குக் குடும்பம் இருந்தால் இதை இரு தளத்தாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். காப்புறுதியிலும் கழிவுநீர் திரும்பி வருவதும் நிலத்தின் மேலாக வெள்ளம் புகுவதும் பெரும்பாலும் வெவ்வேறு பிரிவுகளாகவே எழுதப்படுகின்றன.

இறங்குகுழாய்களை நீட்டியதும், சுவரோரம் மண்ணிட்டு வெளிநோக்கிச் சரிவு அமைத்ததும், பேஸ்மென்ட் யன்னல்களுக்கு வெளியே உள்ள குழிகளுக்கு மூடியிட்டதும் பம்பின் விலையில் சிறு பங்குக்கே முடிந்தன. அவற்றுக்குப் பின் உருகுகாலத்தில் பம்ப் ஓடும் சத்தம் தெளிவாகக் குறைந்திருக்கிறது. இத்தகைய பம்புகள் பத்தாண்டு அளவில் ஓய்ந்துவிடக்கூடும் என்பதால், பழுதாகும்வரை காத்திராமல் ஓர் இலையுதிர்காலத்தில் மாற்ற எண்ணியிருக்கிறேன். அப்போது கம்பியில் தொங்கி ஆடும் மிதவை கொண்டதை வாங்கமாட்டேன்; எங்களுடையதைப் போன்ற ஒடுங்கிய குழியில் அது பக்கச்சுவரில் சிக்கக்கூடும், நேராக மேலும் கீழும் ஏறியிறங்கும் மிதவையே பொருந்தும்.