லினக்ஸ் லேப் வச்சிருக்கறவங்க கவனத்துக்கு: ரேம் போச்சுன்னா உடனே தலையாட்டாதீங்க

கோபியில் சின்னதாக ஒரு கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். 14 பெட்டிகள். எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டால் நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்து லினக்ஸ் இயங்குதளம் ஏறும். எல்டிஎஸ்பி என்பார்கள். பிள்ளைகளின் ஃபைல்களும் சர்வரில்தான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பேட்ச். பாஸ்வேர்ட் அடித்தால் திரை ஒரு நொடி கறுப்பாகி மறுபடி லாகினுக்கே வந்து நிற்கிறது. பாஸ்வேர்ட் தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. 14 பெட்டியிலும் இதே கதை.

பழகின சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். சர்வரில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி பெயரில், நுழைந்து பார்த்தார். "சர்வர் நல்லாத்தானுங்க இருக்குது. பெட்டியில ரேம் போச்சுங்க, மாத்தோணும்" என்றார். ஆறு பெட்டிக்கு மாற்றி 9,600 ரூபாய் வாங்கினார். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு. பழைய ரேமையும் பையில் போட்டுக்கொண்டார். லாகின் மட்டும் ஆகவில்லை. "அப்ப சர்வரை ஃபார்மட் அடிச்சிரலாமுங்க" என்றதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிள்ளைகளின் மூன்று மாத வேலை அதில் இருக்கிறது. வேண்டாமென்று அனுப்பிவிட்டேன்.

ராத்திரி கோயமுத்தூரில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "ஏனுங் மாமா, 14 ரேமும் ஒரே நாள்லயா போகும்? எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறதைப் பாருங்க" என்றான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் ஒரு மாணவியின் பெயரில் நுழையச் சொன்னான். நுழைந்தது! பாஸ்வேர்டும் நெட்வொர்க்கும் சரி. அடுத்து டிஸ்கில் இடம் எவ்வளவு என்று காட்டும் 'டிஎஃப்' (df) கட்டளையை அடித்தால், பிள்ளைகளின் ஃபைல்கள் இருக்கும் 'ஹோம்' பகுதி 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது.

ஒரு பையனின் ஹோமில் '.எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ்' என்ற மறைவு ஃபைல் 61 ஜிபிக்கு வீங்கிக் கிடந்தது. உள்ளே ஒரே பிழைச் செய்தி, ஆயிரமாயிரம் தடவை. டெஸ்க்டாப் திறக்கும்போது ஹோமில் '.எக்ஸ்அதாரிட்டி' என்ற குட்டி ஃபைலை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லையென்றால் வெளியே தள்ளிவிடும். ரூட்டின் ஹோம் தனி இடம். எக்ஸ்ட்4 என்ற முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கென்றே ஒதுக்கியும் இருக்கும். அதனால்தான் சர்வீஸ்காரர் ரூட்டாக நுழைந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. மாணவர் பெயரில் ஒருதடவை முயன்றிருந்தால் போதும்.

அந்த ஃபைலை அழித்தேன். 14 பெட்டியும் திறந்தன.

அதே எழுத்துத் திரையில், ரேம் எவ்வளவு என்று காட்டும் 'ஃப்ரீ' (free) கட்டளையை அடித்தபோதுதான் அடுத்த இடி. 4 ஜிபி இருந்த பெட்டியில் இப்போது 2 ஜிபிதான். ரேம் மாற்றிய ஆறிலும் அப்படியே. உங்கள் லேபில் யாராவது ரேம் மாற்றியிருந்தால் இன்றைக்கே இதை அடித்துப் பாருங்கள். கழற்றியதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சர்வீஸ்காரருக்குப் போன் செய்தால் "நாளைக்கு வர்றேனுங்க" என்கிறார். மூன்று வாரமாகிவிட்டது.