படுக்கையில் இருப்பவருக்கு எந்த மெத்தை: ஸ்பொஞ்சா, தண்ணீரா, காற்றா?

பாரிசவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிவாலோ எழும்ப முடியாமல் போனவரை, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வீட்டார் பயப்படுவது படுக்கைப் புண்ணுக்குத்தான். நியாயமான பயம். நாரிக்குக் கீழே, இடுப்பு ஓரம், குதிக்கால் என எலும்பு தோலை முட்டும் இடங்களில் உடம்புப் பாரம் இரத்த ஓட்டத்தை அடைத்தால், சில மணித்தியாலத்திலேயே உள்ளே சதை சாகத் தொடங்கும். மெத்தை வாங்கும்போது விலையோடு இன்னொன்றையும் பாருங்கள்: மாரியில் வெள்ளமும் மின்வெட்டும் சேர்ந்து வரும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கு எது தாங்கும்?

தண்ணீர் மெத்தையை எங்கள் கணக்கில் கடைசியில் வைக்கிறோம். கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் உடம்புக்குக் குளிர்ச்சி, கரண்ட் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பழைய கட்டில் பலகை வளையும். கூட நிரப்பினால் கல்லுப்போல இறுகும், குறைத்தால் நாரி அடியில் முட்டும். ஆளைப் புரட்டும்போது மெத்தை ஆடும், ஓரத்தில் இருத்தினால் சரிந்து விழுவார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வெள்ளம் ஏறி இடம்பெயர வேண்டி வந்தால், அதை வெறுமையாக்கவே நேரம் போய்விடும்.

ஸ்பொஞ்ச் மெத்தைதான் அடிப்படை. வீட்டிலுள்ள தும்பு மெத்தையில் நாள்முழுக்கக் கிடத்தாதீர்கள். அது அமுங்கிக் கொடுக்காது. தடிப்பு 6 அங்குலம், அடர்த்தி கன மீற்றருக்கு 35 கிலோ அளவில் கேட்டு வாங்குங்கள். அடர்த்தி தெரியாவிட்டால், நடுவில் கைமுட்டியால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை கையில் தட்டினால் அந்த மெத்தை வேண்டாம். பழைய மெத்தைக்கும் மாதம் ஒருமுறை இதே சோதனை. மூத்திரம் ஊறாமல் ரெக்சின் உறை தேவை, ஆனால் வெறும் ரெக்சினில் வியர்வை தேங்கித் தோல் ஊறிவிடும். மேலே சுருக்கமில்லாத ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும்.

காற்று மெத்தையின் பலம், அதன் அறைகள் மாறி மாறி ஊதி இறங்குவது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாரம் தாங்கும் இடம் மாறும். சும்மா கட்டில் பலகையில் போடக்கூடாது, ஸ்பொஞ்சுக்கு மேலேதான் விரிக்க வேண்டும். பம்பைக் கால்மாட்டுச் சட்டத்தில் கொழுவி, ரியூப் மடியாமல் பாருங்கள். திருகியை ஆளின் நிறைக்கு ஏற்ப வைத்துவிட்டு, காற்றிறங்கிய அறையின் கீழே, நாரிக்கு நேரே கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையில் ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் காற்றுப் போதாது. நாங்கள் அதிகம் காணும் பிழை, மேலே போர்வையும் ரப்பர் சீற்றும் துவாயும் அடுக்குவது. மெத்தை செய்யும் வேலை அந்த அடுக்குகளோடு நின்றுவிடும்.

கரண்ட் போனால் காற்று இறங்கும். கணினிக்குப் பாவிக்கும் சிறிய யூபிஎஸ், பற்றரி நல்லதாக இருந்தால், பம்பைக் கொஞ்ச நேரம் இழுக்கும். அதற்கு மேல் காப்பாற்றுவது அடியிலுள்ள ஸ்பொஞ்ச்தான். இருட்டில் மெழுகுதிரியையும் நுளம்புத்திரியையும் கட்டிலிலிருந்து தள்ளி வையுங்கள். பிளாஸ்ரிக் நொடியில் உருகும். இந்த மெத்தை கட்டிலின் உயரத்தைக் கூட்டுவதால், பக்கச் சட்டம் இருந்தாலும் உருண்டு விழும் ஆபத்துக் கூடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தானே கொஞ்சமாவது அசையக்கூடியவருக்கு நல்ல ஸ்பொஞ்ச் போதும். துளியும் அசையாதவருக்கும் ஏற்கெனவே புண் வந்தவருக்கும் ஸ்பொஞ்சின்மேல் காற்று மெத்தை. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், ஸ்பொஞ்சையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் ஆளைப் புரட்டத்தான் வேண்டும். சாதாரண மெத்தையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நல்ல மெத்தையில், தோல் சுத்தமாக இருந்தால், நான்கு வரை நீட்டலாம். முழுதாக விலாவில் கிடத்தாமல், முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சுத் தலையணை வைத்து 30 பாகை சரித்தால் இடுப்பெலும்பில் பாரம் ஏறாது. கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணை வைத்தால் குதிக்கால் அந்தரத்தில் நிற்கும். நாரிக்கு நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வைக்காதீர்கள். அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை மறிக்கும்.

ஒவ்வொரு முறை புரட்டும்போதும் வெளிச்சம் பிடித்துத் தோலைப் பாருங்கள். எங்கள் நிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது. கருமை கூடுதல், சூடு, கையில் தட்டும் இறுக்கம் ஆகியவைதான் அறிகுறி. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவவும் கூடாது; பாரத்தை எடுத்துவிடுங்கள். தோல் உடைந்தால் உங்கள் பகுதி ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ காட்டுங்கள். நாற்றம், கறுத்த சதை, காய்ச்சல், மயக்கம் என்றால் காத்திராமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.