பிள்ளைகள் கார் வேலை படிக்க: வீட்டு வாசலா, மெக்கானிக் பட்டறையா?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். ‘சும்மா செல்போனை நோண்டிக்கொண்டு கிடப்பதற்குப் பட்டறையில் போய் நாலு வேலை படிக்கட்டுமே.’ கார் வைத்திருக்கும் வீடுகளில் இது கொஞ்சம் பலமாகவே கேட்கும். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் லேபர் என்று ஒரு வரி வருகிறது. அந்த வேலைகளில் பலவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், மகன் ஆறாவது. எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் பாளையங்கோட்டை மெக்கானிக் அண்ணாச்சியிடம் அனுப்புவதா, வீட்டு வாசலில் வைத்து நானே சொல்லிக்கொடுப்பதா என்று யோசித்து, வாசல் என்று முடிவெடுத்தேன். ஆகவே கீழே வருவது நடுநிலையான தீர்ப்பு இல்லை.

யூடியூபைத் தனி வழியாக நான் கணக்கில் எடுக்கவில்லை. வீடியோவில் போல்ட் எப்போதும் ஒரே திருகில் கழன்றுவிடும். உவரிக் கடற்காற்றில் நின்று துருவேறிய வண்டியின் போல்ட் அப்படிக் கழலாது. எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வீடியோ உதவும், அவ்வளவுதான்.

பட்டறையின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு வாரத்தில் பார்க்கும் கோளாறுகளை வீட்டில் பல வருடங்கள் ஆனாலும் பார்க்க முடியாது. கிளட்ச் தேய்ந்தால் வண்டி எப்படி இழுக்கும், வீல் பேரிங் போனால் என்ன சத்தம் வரும் என்பதெல்லாம் காது பழகினால்தான் பிடிபடும். என்னால் அதைச் சொல்லித்தர முடியாது. ஒரிஜினல் பாகத்தையும் டூப்ளிகேட்டையும் கையில் வாங்கியதுமே பிரித்துச் சொல்லும் பழக்கமும் அங்கேதான் வரும். பிள்ளைக்கு இதையே தொழிலாக எடுக்க ஆசை என்றால் பேச்சே இல்லை, பட்டறை வாசம் வேண்டும். பத்தாவது முடித்தபின் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம் இருக்கிறது.

ஆனால் 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். ‘சம்பளம் இல்லாமல்தானே, விடுமுறைக்குத்தானே’ என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பார்க்கிற அதிகாரிக்கு அப்படித் தெரியாது. அண்ணாச்சியே இதைச் சொல்லிவிட்டார்: “சின்னவன வேண்டாம் சார், பெரிய பிள்ளை வேணும்னா, நீங்களும் கூட வந்தா, நின்னு பாக்கட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும்தான் சங்கடம்.” இன்னொன்றும் உண்டு. பட்டறைகளில் ‘அந்த வண்டியக் கொஞ்சம் பின்னால எடுலே’ என்று பையன்களிடம் சாவியைக் கொடுப்பது சாதாரணம். சிறுவர் ரோட்டில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் விதிக்கலாம். எங்கள் வீட்டில் சாவி என் பையை விட்டு வெளியே வராது.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் நான் வாசலைத்தான் எடுத்திருப்பேன். காரணம் ஒன்றே ஒன்று. பட்டறையில் பிள்ளை கை வைத்த வண்டி மாலையில் உரிமையாளரோடு போய்விடும். தான் இறுக்கிய போல்ட் நின்றதா, ஒழுகியதா என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. வீட்டு வண்டி இரவு முழுக்க அதே வாசலில் நிற்கும். செய்த வேலையின் யோக்கியதை மறுநாள் காலை தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் முதல் ஆயில் மாற்றம் நடந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். எல்லாம் முடிந்தபின் மகள் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளி வைத்தாள். காலையில் அட்டையின் நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறை. டார்ச் அடித்துப் பார்த்தால், ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் விளிம்பில் சொட்டு ஒன்று திரண்டு நிற்கிறது. புது வாஷரை எடுத்துப் பானெட் ஓரத்தில் வைத்துவிட்டு, பழைய வாஷரையே மறுபடி மாட்டியிருக்கிறாள். இன்னும் இறுக்கிவிடலாம் என்றான் தம்பி. இறுக்கினால் மரை போகும், மரை போனால் ஆயில் நிற்கும் சம்ப்புக்கே செலவு வரும் என்று அவளே அவனுக்கு விளக்கினாள். கழுவித் துடைத்த தட்டில் ஆயிலை இறக்கி, வாஷரை மாற்றி, அதே ஆயிலை ஊற்றினோம். அடுத்த நாள் அட்டை சுத்தம். பட்டறையில் இதே தவறு நடந்திருந்தால், யாரோ ஒருவர் வண்டி கயத்தாறு தாண்டியபின் வருத்தப்பட்டிருப்பார்; இவளுக்குச் சேதி வந்திருக்காது.

பேட்டரியிலும் இப்படித்தான். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கும். 10ஆம் நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஏன் என்று மகன் கேட்டான். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராமல் இருக்கத்தான். அடுப்படியிலிருந்து ஆப்ப சோடாவை வெந்நீரில் கலக்கிக் கொண்டுவந்து, கண்ணாடியும் கையுறையும் போட்டு ஊற்றினால், பூத்த உப்பு நுரைத்துக் கரைந்து ஓடும். துடைத்து மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின். சில மாதம் கழித்துப் பானெட்டைத் திறந்து, மறுபடி பூத்ததா என்று அவனே பார்க்கிறான். திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வைதான் பராமரிப்பு. பட்டறையில் ஒரு மாதம் நின்றாலும் அதற்கு வாய்ப்பு வராது.

நம்ம ஊரில் திரும்பத் திரும்ப வருகிற வேலையும் நிறைய. சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் தப்பாது, ஸ்டெப்னி மாற்றத் தெரியாமல் இங்கே வண்டி ஓட்ட முடியாது. வீல் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம்தான் ஜாக்கி போட வேண்டும். இதைப் பிள்ளைகள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். ஆனி, ஆடிக் காற்றில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போய்வந்தால் ஏர் ஃபில்டரில் செம்மண் ஒரு படலமாகப் படிந்திருக்கும். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் திறந்து தட்டிப் பார்ப்பது நல்லது. கிளிப்பைத் தள்ளித் திறந்து மூடும் இந்த வேலை ஆறாவது படிக்கும் பையனுக்கே போதும்.

ஸ்பேனரே தேவைப்படாத ஒரு பாடமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனையோ கார்கள் முங்கின. வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா விட்டிருந்தால் சுத்தம் செய்து தப்பியிருக்கக்கூடிய எஞ்சினை அந்த ஒரு திருகல் கெடுத்துவிடும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, இழுத்துச்செல்லும் வண்டிக்குச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்தாலே போதும். பெரிய மிச்சம் அதுதான்.

சின்ன வேலைகளில் மிச்சம் எவ்வளவு என்றால், முதல் வருடம் ஒன்றும் இல்லை. ஸ்பேனர் செட், ஆயில் தட்டு, தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்த ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட் வாங்கியதிலேயே கூலிக்காசு போய்விடும். ஜாக் ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே யாரும் தலையை நீட்டக்கூடாது, பெரியவர்களும்தான். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பழைய ஆயிலை சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும். கேனில் பிடித்து அண்ணாச்சியின் டிரம்மில் கொண்டுபோய் ஊற்றுகிறோம்.

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், ஏசி கேஸ் ஆகியவை எங்கள் வாசலுக்கு வருவதில்லை, நேரே பட்டறைதான். வாரண்டி முடியாத புது வண்டி என்றால் ஆயில் மாற்றத்தையும் கம்பெனி சர்வீஸுக்கே விட்டுவிடுங்கள். வைப்பர், ஃபில்டர், டயர் காற்று என்று நிறுத்திக்கொள்ளலாம். விற்கும்போதும் வாங்குகிறவர் சர்வீஸ் சரித்திரம் கேட்பார். அதற்காக மகள் ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் எல்லாம் எழுதி, பில்லை ஒட்டி வைக்கிறாள். கம்பெனி முத்திரைக்கு உள்ள மதிப்பு அந்த நோட்டுக்குக் கிடைக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். நாங்கள் இன்னும் வண்டியை விற்கவில்லை. இங்கே சொன்னது எல்லாம் சிறிய பெட்ரோல் வண்டியை வைத்துத்தான். டீசலில் நான் கை வைத்ததில்லை. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

வாசல் இல்லாத அடுக்ககத்துக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். சர்வீஸ் அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடவே நில்லுங்கள். ‘அண்ணாச்சி, கழட்டுன பழைய சாமான எல்லாம் குடுத்துருங்க’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், தேய்ந்த பிரேக் பேடையும் அடைத்த ஃபில்டரையும் ஒரு பையில் போட்டுத் தருவார்கள். மறுநாள் காலையில் பார்க்கிங்கில் வண்டிக்குக் கீழே அட்டை வைத்துப் பார்க்க வாசல் ஒன்றும் தேவையில்லை.